எழுத்தும் விதியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளும் சிலம்பும் கம்பனும் பேசப்படுவது நம் மரபு. அந்த மரபுக்கு மாறாக, கணிப்பொறியில் தமிழ் எழுத்துகளைக் கையாளும் நிரல்களை எவ்வாறு சோதிப்பது என்பது பற்றி இன்று சில சொல்ல முற்படுகிறேன். கேட்ட அளவில் வறண்ட பொருளாகத் தோன்றும். ஆயினும் ஆழ்ந்து நோக்கினால் இது இலக்கணத்தைப் பற்றிய பேச்சேயாகும். நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைப் பற்றிய பேச்சேயாகும்.

தமிழ்நாட்டில் வளரும் குழந்தை கடைப் பலகையிலும் பேருந்திலும் சுவரொட்டியிலும் நாள்தோறும் தமிழ் எழுத்தைக் காண்கிறது. ஓரிடத்தில் பிழை இருந்தால், வேறு பத்து இடங்களில் திருத்தமான வடிவம் அதன் கண்ணில் பட்டுவிடும். கொல்கத்தாவில் வளரும் நம் குழந்தைக்கு அந்தப் பேறு இல்லை. பள்ளியில் ஆங்கிலம், வங்கம், இந்தி. வீட்டில் பேச்சுத் தமிழ். எழுத்துத் தமிழைப் பெரும்பாலும் அது காண்பது கைப்பேசித் திரையில்தான். அத்திரை ஓர் எழுத்தைச் சிதைத்துக் காட்டுமானால், அது சிதைவு என்று அறிவதற்கு அக்குழந்தையிடம் வேறு அளவுகோல் இல்லை. சிதைந்ததையே தமிழ் என்று கற்கும். ஆகவே, எழுத்தைக் கையாளும் நிரல் செம்மையாக இருக்கிறதா என்னும் வினா நிரல் எழுதுவோருக்கு மட்டும் உரிய வினா அன்று.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். கணிப்பொறியில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட தொடருக்குச் ‘சரம்’ என்று பெயர். பூச்சரம், முத்துச்சரம் என்பது போல இது எழுத்துச்சரம். ஒரு பெயர் ஒரு சரம். ஒரு முகவரி ஒரு சரம். ஒன்றைக் கொடுத்தால் அதற்குரிய விடையைத் திருப்பித் தரும் விதிமுறைக்குச் ‘சார்பு’ என்று பெயர். பள்ளிக் கணக்கில் நாம் படித்த சார்பேதான். சரத்தின் நீளம் கூறுவது ஒரு சார்பு. அதைத் தலைகீழாகத் திருப்புவது ஒரு சார்பு. கட்டத்துக்குள் அடங்குமாறு வெட்டுவது ஒரு சார்பு. இத்தகைய சார்புகளையே செங்கற்களாகக் கொண்டு நிரலைக் கட்டும் மொழிகளும் உள்ளன. அவற்றுள் புகழ் பெற்றது 1990இல் வெளிவந்த ஹாஸ்கெல். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது அங்கே சார்பின் இயல்பு. அதனால் சார்பின் குணத்தை ஒரு கணிதச் சமன்பாடு போல எழுதிக் காட்ட முடிகிறது.

நிரல் எழுதுவோர் தம் நிரலை வழக்கமாக எவ்வாறு சோதிக்கின்றனர்? சில எடுத்துக்காட்டுகளைத் தாமே தேர்ந்து கொடுத்துப் பார்க்கின்றனர். ‘கமலா’ என்று கொடுத்தால் சரியான விடை வருகிறது. ‘ராமன்’ என்று கொடுத்தாலும் வருகிறது. நிரல் தேறிவிட்டது என்கின்றனர். இதில் ஒரு குறை உண்டு. எடுத்துக்காட்டைத் தேர்ந்தவரும் நிரலை எழுதியவரும் ஒருவரே. எழுதும்போது எது அவர் நினைவுக்கு வரவில்லையோ, அது சோதிக்கும்போதும் வருவதில்லை.

இந்தக் குறையை வேறொரு துறையில் கண்டு, அதற்கு மருந்தும் கண்டவர் இந்நகரத்து அறிஞர் ஒருவர். பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிசு அவர்களைத்தான் குறிப்பிடுகிறேன். 1931இல் அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இன்றும் வடக்கே பராநகரில் பணியாற்றி வருகிறது. 1937இல் வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் பயிரிடப்படுகிறது என்று மதிப்பிடும் பணியை அவர் மேற்கொண்டார். எல்லா வயலையும் அளப்பது பெருஞ்செலவு. சில வயல்களை மட்டும் அளக்கலாம் என்றால், எவற்றை அளப்பது? ஊழியரின் விருப்பத்துக்கு விட்டால் சாலையோரத்து வயலையே அளப்பார். சேற்றையும் ஓடையையும் கடந்து உள்ளே செல்லமாட்டார். ஆகவே, எந்த வயல் என்பதைத் தற்செயலே முடிவு செய்யட்டும் என்று அவர் விதித்தார். அதனோடு, தனித்தனிக் குழுக்கள் ஒன்றன் கணக்கை மற்றொன்று அறியாமல் அளந்து, பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையையும் வகுத்தார். மனிதனின் சோம்பலும் சார்பெண்ணமும் கணக்கைக் கெடுக்காமல் காக்கும் அரண்கள் இவை இரண்டும்.

சாலையோரத்து வயலை மட்டும் அளக்கும் ஊழியரைப் போன்றவரே, தமக்குத் தோன்றிய ‘கமலா’வையும் ‘ராமன்’ஐயும் மட்டும் சோதிக்கும் நிரலாசிரியர். இதற்கு மாற்றாக ஒரு முறையை 2000ஆம் ஆண்டில் கூன் கிளாசன், ஜான் ஹியூஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். இருவரும் சுவீடன் நாட்டுச் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். ஹாஸ்கெல் மொழிக்காக அவர்கள் செய்த கருவிக்குக் ‘குவிக்செக்’ என்று பெயர். பிற்காலத்தில் இதே கருத்தைத் தழுவிப் பல மொழிகளுக்கும் கருவிகள் தோன்றின. பைத்தான் மொழிக்கு உரிய ‘ஹைப்பாதெசிஸ்’ அவற்றுள் ஒன்று.

இம்முறையின் சாரம் இதுதான். எடுத்துக்காட்டைக் கொடுக்காதே, விதியைக் கொடு. சார்பு எந்தச் சரத்துக்கும் எப்போதும் காக்க வேண்டிய பண்பு எது என்று சொல். எடுத்துக்காட்டுகளைத் தற்செயல் முறையில் கருவியே படைத்துக்கொள்ளும். வழக்கமாக ஒரு விதிக்கு நூறு முறை சோதிக்கும். விதி ஓரிடத்தில் முறிந்தால் அந்தச் சரத்தை எடுத்துக் காட்டும். அச்சரம் நீண்டதாக இருந்தால், தேவையற்ற பகுதிகளை ஒவ்வொன்றாகக் களைந்து, பிழையைக் காட்டவல்ல மிகச் சிறிய சரமாகச் சுருக்கியும் தரும். வழக்கில் வேண்டாத சாட்சிகளை நீக்கி, ஒரே ஒரு சாட்சியை நிறுத்துவது போன்றது இது.

ஓர் எளிய சார்பைக் கொண்டு இதைக் காண்போம். சரத்தைத் தலைகீழாகத் திருப்பும் சார்பை எடுத்துக்கொள்வோம். திருப்புவதால் யாருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். சொல்லின் ஈற்றெழுத்தைக் கொண்டு அகராதியை அடுக்குவதற்கு அது வேண்டும். இயைபுத் தொடைக்குச் சொல் தேடுவதற்கும் வேண்டும். மாலைமாற்று என்னும் சித்திரகவியைச் சரிபார்க்கவும் வேண்டும். திருஞானசம்பந்தர் பாடிய திருமாலைமாற்றுப் பதிகத்தின் பாடல்கள் முதலிலிருந்து படித்தாலும் ஈற்றிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைந்தவை அல்லவா? ‘விகடகவி’ என்னும் சொல்லும் அத்தகையதே.

திருப்புதலுக்கு மூன்று விதிகள் கூறலாம். ஒன்று: இருமுறை திருப்பினால் பழைய சரமே வரவேண்டும். இரண்டு: இரு சரங்களை இணைத்துத் திருப்புவதும், பின்னதைத் திருப்பி அதன்பின் முன்னதைத் திருப்பி வைப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். மூன்று: ஒரே ஓர் எழுத்துடைய சரத்தைத் திருப்பினால் அந்த எழுத்தே வரவேண்டும். இவை குழந்தைக்கும் விளங்கும் விதிகள். ஹாஸ்கெல் மொழியில் இயல்பாக உள்ள திருப்புதல் சார்பை இம்மூன்று விதிகளாலும் சோதித்தால், நூறு சோதனையிலும் தேறிவிடும். அதே சார்பிடம் ‘விகடகவி’யைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் தாங்குவார் இன்றி ஓர் இகரக் கொக்கி தொங்கும். அதன்பின் ‘வகடகிவ’ என்று வரும்! விதிகள் மூன்றும் நிறைவேறின, விடையோ பிழை. இது எவ்வாறு நேர்ந்தது?

பிழை ‘எழுத்து’ என்னும் ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. கணிப்பொறிக்கு எழுத்து வேறு. தமிழனுக்கு எழுத்து வேறு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1991இல் வந்த ஒருங்குறி என்னும் யூனிக்கோடு முறையில், உயிர் பன்னிரண்டுக்கும் ஆய்தத்துக்கும் அகரமேறிய மெய்களுக்கும் தனித்தனிக் குறியெண்கள் உள்ளன. கால், கொக்கி, கொம்பு முதலிய குறிகளுக்கும் புள்ளிக்கும் தனிக் குறியெண்கள் உள்ளன. ‘க’ என்பது ஒரு குறியெண். ‘கி’ என்பது இரண்டு. ககரமும் இகரக் குறியும். ‘க்’ என்பதும் இரண்டு, ககரமும் புள்ளியும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. கணிப்பொறிக்கு ஐந்து குறியெண். நம் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை; உயிர் வந்து சேர்ந்தால் உயிர்மெய். கணிப்பொறியிலோ அகரமேறிய வடிவமே அடிப்படை. அதன்மேல் புள்ளியிட்டால் மெய். 247 எழுத்துகள் என்று நாம் எண்ணுவதை அது அவ்வாறு எண்ணுவதில்லை. இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. அது ஒரு சேமிப்பு முறை. ஆனால் சேமிப்பு முறையையே இலக்கணம் என்று நிரலாசிரியர் கொண்டுவிட்டால் ‘விகடகவி’ சிதைகிறது.

சரி, குறியெண்ணை விட்டு, முழுத் தமிழ் எழுத்தை அலகாகக் கொண்டு திருப்பும் நல்ல சார்பு ஒன்றை எழுதுகிறோம். அதனை, தமிழ்க் குறியெண்களைத் தற்செயலாகக் கோத்த சரங்களால் சோதிக்கிறோம். இப்போது ஒரு வியப்பு நேர்கிறது. இருமுறை திருப்பினால் பழையது வரவேண்டும் என்னும் முதல் விதியில் நல்ல சார்பு தோற்றுப்போகிறது! கருவி சுருக்கித் தரும் சாட்சி இதுதான்: முதலில் தனித்த ஓர் இகரக் குறி, அதன்பின் ‘க’. இதனைத் திருப்பினால் ககரம் முன்னும் குறி பின்னும் வந்து, இரண்டும் ஒட்டிக் ‘கி’ என்று ஒரே எழுத்தாகிவிடுகின்றன. ‘கி’யை மீண்டும் திருப்பினால் ‘கி’தான் வரும், பழைய சரம் வராது. தவறான சார்பு தேறியது. சரியான சார்பு தோற்றது. இதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. குறியோடு தொடங்கும் சரம் தமிழ்ச் சரமே அன்று என்று நாம் கருவிக்குச் சொல்லவில்லை. சொல்லாததை அது எவ்வாறு அறியும்?

ஆகவே, செய்ய வேண்டியவை இரண்டு. கருவி தற்செயலாகப் படைக்கும் சரங்கள் 247 எழுத்துகளால் ஆனவையாக இருக்கவேண்டும் என்று வரையறுத்தல் ஒன்று. ‘ஒரே எழுத்தைத் திருப்பினால் அதே எழுத்து’ என்னும் மூன்றாம் விதியில் எழுத்து என்பதைத் தமிழ் எழுத்து என்றே பொருள் கொள்ளல் மற்றொன்று. இவ்வளவும் செய்தபின் சோதித்தால் நல்ல சார்பு தேறுகிறது. பழைய சார்பு உடனே அகப்படுகிறது. ‘கி’ என்னும் ஓரெழுத்தே அதற்கு எதிர்ச்சாட்சி. முதல் விதியும் இரண்டாம் விதியும் எவ்வளவு சோதித்தும் அகப்படாத பிழையை, எழுத்தின் இலக்கணம் அறிந்த மூன்றாம் விதி ஒரு நொடியில் பிடித்துவிடுகிறது. கருவியின் வலிமை அதற்கு நாம் தரும் விதியின் வலிமையே என்பதை இதனால் அறிகிறோம்.

பெயரை வெட்டும் சார்பைப் பார்ப்போம். படிவங்களிலும் சீட்டுகளிலும் இத்தனை இடந்தான் என்று அளவு வைத்திருப்பார்கள். ‘மீனாட்சி’ என்னும் பெயர் நான்கு எழுத்து, எட்டுக் குறியெண். ஏழில் வெட்டினால் ‘மீனாட்ச’ ஆகிறாள். ஐந்தில் வெட்டினால் புள்ளியும் உதிர்ந்து ‘மீனாட’ ஆகிறாள். ‘முருகன்’ ஆறில் வெட்டுண்டால் ‘முருகன’ ஆகிறான். ‘வெட்டிய துண்டையும் எஞ்சியதையும் ஒட்டினால் பழைய பெயர் வரவேண்டும்’ என்னும் விதியைத் தவறான வெட்டும் காத்துவிடும். ‘துண்டின் எழுத்துகள் மூலப்பெயரின் முதல் எழுத்துகளாகவே இருத்தல் வேண்டும்’ என்னும் விதிதான் அதைப் பிடிக்கும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்தது ஏட்டுச் சுவடிக்கு மட்டும் அன்று. படிவத்தின் கட்டத்துக்கும் அது பொருந்தும்.

நாம் வாழும் நகரின் பெயரிலேயே மற்றொரு நுட்பம் உண்டு. ‘கொல்கத்தா’ ஐந்து எழுத்து. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரு குறியெண்களாகவும் சேமிக்கலாம். முதல் முறையில் ஊர்ப்பெயர் ஒன்பது குறியெண். இரண்டாம் முறையில் பத்து. இரண்டும் ஒன்றே என்று யூனிக்கோடு விதி கூறுகிறது; கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் விதியை மறந்த தேடல் நிரல் ஒன்றில், ஒரு முறையில் எழுதிய ‘கொல்கத்தா’வைத் தேடினால் மற்றொரு முறையில் எழுதியது கிடைக்காது. நம் அண்டை வீட்டாரின் வங்க எழுத்திலும் ஓகாரக் குறி எழுத்தின் இருபுறமும் நிற்பதே. அவர்களுக்கும் இதே இடர் உண்டு. ‘ஒன்று என விதிக்கப்பட்ட இரு வடிவங்களுக்கும் எந்தச் சார்பும் ஒரே விடை தரவேண்டும்’ என்பது நாம் இரு சாராரும் சேர்ந்து எழுதத்தக்க விதி.

விதி எழுதப் புகுந்தால் இலக்கண வினாக்களும் எழும். ‘லக்ஷ்மி’ என்னும் பெயரில் எழுத்து எத்தனை? ‘க்ஷ்’ என்பதை ஓரெழுத்தாகக் கொண்டால் மூன்று; ககர மெய்யும் வடவெழுத்தும் எனப் பிரித்தால் நான்கு. 247இல் அதற்கு இடம் இல்லை. ஆனால் நம் இல்லங்களில் அப்பெயருக்கு இடம் உண்டு. இதற்குக் கருவி விடை கூறாது. கற்றவர்கள் கூடி ஒரு முடிவு செய்து, அதை விதியாக எழுதித் தரவேண்டும். எடுத்துக்காட்டுகளால் மட்டும் சோதிப்பவருக்கு இந்த வினா எழாமலே போய்விடும்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நூறு சோதனையில் தேறியது நூற்றொன்றாவதில் தோற்கலாம். ஒரு கருத்தை நிலைநாட்ட ஆயிரம் எடுத்துக்காட்டும் போதா. வீழ்த்த ஒன்று போதும். ஆய்லர் என்னும் கணித மேதை 1782இல் சில அளவுள்ள இலத்தீன் சதுரச் சோடிகள் இருக்கவே முடியாது என்று கருதினார். ஆறு என்னும் அளவுக்கு அது மெய்யென்று பின்னர் காட்டப்பட்டது. ஆனால் 1959இல் ராஜ் சந்திர போசும் ஸ்ரீகண்டேயும் இருபத்திரண்டு என்னும் அளவுக்கு எதிர்ச்சாட்சி கண்டனர். பார்க்கர் பத்துக்குக் கண்டார். 177 ஆண்டுகள் நின்ற கருத்து வீழ்ந்தது. அந்தப் போசு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றியவர் என்பது இந்நகருக்குப் பெருமை.

தற்செயலை மட்டும் நம்பாமல் திட்டமிட்டுச் சோதிக்கவும் வழியுண்டு. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சி. ஆர். ராவ் 1947இல் வெளியிட்ட செங்குத்து அணிகள் என்னும் கருத்து, பிற்காலத்தில் மென்பொருள் சோதனைக்கும் பயன்பட்டது. எழுத்தின் வகை, அண்டை எழுத்து, சரத்தின் நீளம், தட்டச்சுக் கருவி என நான்கு கூறுகள்; ஒவ்வொன்றிலும் மும்மூன்று வகை என்று கொள்வோம். எல்லாச் சேர்க்கையும் பார்த்தால் 81 சோதனை. எந்த இரு கூறுகளை எடுத்தாலும் அவற்றின் எல்லா இணைகளும் வந்துவிடுமாறு ஒன்பதே சோதனைகளில் அடக்கலாம். 18 மெய்யும் 12 உயிரும் ஒவ்வொன்றோடு ஒவ்வொன்று கூடி 216 உயிர்மெய்யாக நிற்கும் நம் பள்ளி அட்டவணையும், இணை ஒன்றையும் விடாத ஓர் அணிதானே! மகலனோபிசின் குழுக்களைப் போல, ஒரே சார்பை இருவர் தனித்தனியே எழுதி, இரண்டும் ஒரே விடை தருகின்றனவா என்று தற்செயல் சரங்களால் ஒப்பிடுவதும் நல்ல சோதனையே.

பெரியோர்களே! இதனால் நாம் செய்யத்தக்கது என்ன? நம் இளைஞர்கள் பலர் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரிலும் நியூ டவுனிலும் நிரல் எழுதும் தொழிலில் இருக்கின்றனர். அவர்களுக்கு நிரல் தெரியும். மெய்யும் உயிர்மெய்யும் மறந்திருக்கலாம். நம் முதியோர்க்கு நன்னூல் தெரியும், நிரல் தெரியாது. விதி பிறப்பது இவ்விருவரும் ஒரே பாயில் அமரும்போதுதான். ஞாயிறு வகுப்பில் எழுத்து கற்பிக்கும் ஆசிரியர், எழுத்து என்பது யாது, எத்தனை வகைப்படும், எது எதனோடு சேரும் என்பவற்றைக் குழந்தைகளைக் கொண்டே விதிகளாகச் சொல்லச் செய்யலாம். நிரல் அறிந்த இளைஞர் அவ்விதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மாலையில் கருவியிடம் கொடுத்துப் பார்க்கலாம். முறிந்த விதிகளையும் அவற்றின் எதிர்ச்சாட்சிகளையும் அடுத்த ஞாயிறு அதே வகுப்பில் கரும்பலகையில் எழுதலாம். ‘கி ஏன் உடைந்தது?’ என்று ஒரு குழந்தை கேட்குமானால், அன்று அது இலக்கணமும் கற்றது, கணிதமும் கற்றது.

நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் தமிழில் கணிப்பொறியில் ஏற்றும் பணியிலிருந்தே இதைத் தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். அப்பட்டியலில் மீனாட்சியும் உண்டு, முருகனும் உண்டு, லக்ஷ்மியும் உண்டு. ஒவ்வொரு பெயரும் புள்ளி உதிராமல், கொக்கி பிரியாமல் இருக்கவேண்டும் என்பதே முதல் விதி. அதைச் சோதிக்க முன்வரும் இளைஞர்கள் விழா முடிந்ததும் செயலாளரிடம் தம் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.